எந்த வரைபடம் பழசை வைத்திருக்கிறது?

இணைய வரைபடங்களை ஒப்பிடும் பேச்சு எங்கே நடந்தாலும் சீக்கிரமே வழிகாட்டுவதில் போய் நிற்கும். எது நெரிசலைச் சரியாகச் சொல்கிறது, எது பேருந்து வரும் நேரத்தைக் காட்டுகிறது, எது சுற்றுவழியில் இழுத்தடிக்கிறது. சிங்கப்பூரில் அந்தக் கணக்கில் எதை எடுத்தாலும் குறை சொல்ல அதிகம் இல்லை. தீவு சின்னது, பெயர்ப்பலகைகள் ஒழுங்காக இருக்கின்றன, ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் அடுக்குமாடி புளோக்கின் வாசலிலேயே கொண்டுபோய் விடும். என் கேள்வி வேறு. இந்த ஊரில் ஒரு மூலையைப் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அடையாளமே தெரியாது. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு வரைபடம் வேண்டுமென்றால், அது நேற்று இருந்ததையும் காட்ட வேண்டும். காட்டும் படம் எப்போது எடுத்தது என்று சொல்ல வேண்டும். நான் அதில் குறித்து வைத்ததை, நான் கேட்கும்போது முழுசாக என்னிடம் திருப்பித் தர வேண்டும். கொஞ்ச காலமாக எல்லா மென்பொருளையும் இந்த மூன்றை வைத்துத்தான் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதற்குக் காரணம் என் மாமா. அம்மாவுக்கு அண்ணன். பிறந்து வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். பிரிட்டிஷார் 1938இல் திறந்த தளம் அது. தமிழர்களும் மலையாளிகளும் நிறைய பேர் அங்கே வேலை பார்த்து, அங்கேயே குடும்பம் நடத்தினார்கள். 1968இல் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியது, 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பின, அப்புறம் குடியிருப்புகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கான்பரா சாலைப் பக்கம் இருந்த முருகன் கோயில் இன்று புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கிறது. மாமாவும் அவருடைய பழைய கூட்டாளிகளும் எந்த வரிசை வீடு எங்கே இருந்தது, பந்தடித்த திடல் எது, கடனுக்குச் சாமான் கொடுத்த கடை எந்த முனையில் என்று பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அதை எல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்து வைக்கலாம் என்றுதான் நான் உட்கார்ந்தேன்.

முதலில் கூகல் எர்த். 2001இல் தொடங்கிய கீஹோல் என்ற நிறுவனம் செய்துவைத்திருந்த, கணினித் திரையில் சுழலும் பூமி உருண்டையை 2004இல் கூகல் வாங்கி, 2005இல் இந்தப் பெயரில் வெளியிட்டது. இன்று அதற்கு இரண்டு முகம். ஒன்று, கணினியில் நிறுவிக்கொள்ளும் கூகல் எர்த் புரோ. ஒரு காலத்தில் வருடத்துக்கு 399 அமெரிக்க டாலர் கட்டி வாங்க வேண்டியிருந்தது, 2015இல் இலவசமாக்கினார்கள். இன்னொன்று 2017இல் வந்த, உலாவியிலேயே ஓடும் பதிப்பு. பார்க்க இரண்டாவதுதான் அழகு. ஆனால் என் வேலைக்கு முதலாவதுதான் உதவுகிறது. பழைய படங்களுக்குப் பின்னோக்கிப் போகும் வசதி 2009இலேயே கணினிப் பதிப்பில் வந்துவிட்டது. உலாவிக்கும் கைபேசிக்கும் அது வந்து சேர 2024 ஆனது. அந்தப் பதினைந்து வருட இடைவெளியைப் பார்த்தாலே, பழைய படத்தை நிறுவனங்கள் எந்த இடத்தில் வைத்திருக்கின்றன என்று புரிந்துவிடும்.

அந்த நேரப் பட்டையை இழுத்துப் பார்க்க ரோச்சோர் சென்டரைவிட நல்ல இடம் இல்லை. தேக்காவிலிருந்து நடக்கும் தூரம். வண்ண வண்ணமாக நின்ற நான்கு புளோக், 1977 முதல் இருந்தவை. வடக்கு-தெற்குப் பெருவழிக்காக 2016 வாக்கில் காலி செய்து, பிறகு இடித்துவிட்டார்கள். பட்டையை ஒவ்வொரு தேதியாக நகர்த்தினால் முதலில் கூரைகள் தெரியும், பிறகு கட்டடத்தைச் சுற்றி வேலி, பிறகு வெறும் மண், பிறகு தோண்டல். தெருப்பார்வை (ஸ்ட்ரீட் வியூ) படங்கள் சிங்கப்பூரில் 2009 கடைசியில் தொடங்கின. 2014 முதல் அதிலும் பழைய தேதிகளுக்குப் போகலாம். மேலிருந்து பார்க்கும்போது வெறும் கட்டமாகத் தெரிகிற இடத்தில், நடைபாதை உயரத்தில் நின்று பார்த்தால் கடைப் பலகையும் பூத்தொட்டியும் கொடியில் காயும் துணியும் தெரிகின்றன. தெருப்பார்வையின் பழைய தேதிகளை நம்மூரில் பலரும் தொடுவதே இல்லை. இருக்கிற வசதிகளிலேயே பெரியது என்று நான் சொல்வது இதைத்தான். உங்கள் பழைய புளோக் இடிபட்டுவிட்டிருந்தால் இன்றைக்கே போய்த் தேடுங்கள்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். கூகல் மேப்ஸின் செயற்கைக்கோள் காட்சியில் அடியில் ஒரு வருடம் போட்டிருக்கும். அது பதிப்புரிமை வருடம், படம் எடுத்த வருடமல்ல. ஆப்பிள் மேப்ஸில் அதுகூடக் கிடைக்காது. எர்த் புரோவில் அடிப்பட்டையில் படம் எடுத்த தேதி வரும். அதையும் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் நாம் பார்ப்பது ஒரே படம் அல்ல, பல நாள் எடுத்த துண்டுகளை ஒட்டியது. ஒரு துண்டிலிருந்து பக்கத்துத் துண்டுக்கு நகர்ந்தால் தேதி மாறிவிடும்.

தேதி இல்லாத படம் கையில் கிடைத்தால் நான் நிழலைப் பார்ப்பேன். நாம் பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், புளோக்கின் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் நேர்மாறு. செயற்கைக்கோள் பெரும்பாலும் முற்பகலில் கடப்பதால் நிழல் கொஞ்சம் மேற்கேயும் சாய்ந்திருக்கும். வருடம் தெரியாவிட்டாலும் எந்த அரையாண்டு என்று சொல்லிவிடலாம். லண்டனில் இருப்பவருக்கு இந்தச் சௌகரியம் கிடையாது, அங்கே வருடம் முழுக்க நிழல் வடக்கேதான். இன்னொன்றும் உண்டு: படம் நேர் மேலிருந்து எடுத்ததல்ல என்றால், உயரமான புளோக்குகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரியும். ஒரு தேதியில் கிழக்கே சாய்ந்த கட்டடம் அடுத்த தேதியில் மேற்கே சாய்ந்திருக்கும். கூரையில் குறி வைத்தால் இடம் பல மீட்டர் தள்ளிப் போகும். கட்டடம் தரையைத் தொடும் இடத்தில்தான் குறி வைக்க வேண்டும்.

பழைய படத்துக்குக் கூகலை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. எஸ்ரி நிறுவனத்தின் வேபேக் 2014 முதல் தங்கள் அடிப்படைப் படம் எப்போதெல்லாம் மாறியதோ, அந்தப் பதிப்புகளை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறது. அதில் தெரியும் தேதி வெளியிட்ட நாள். ஓர் இடத்தைத் தட்டினால்தான் படம் எடுத்த நாள் வரும். இரண்டுக்கும் நடுவே வருடக்கணக்கில் வித்தியாசம் இருக்கலாம். ஐரோப்பாவின் சென்டினெல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் எல்லோருக்கும் இலவசம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் பத்து மீட்டர், ஐந்து நாளைக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வரும். ஆனால் சிங்கப்பூர் வானம் தெரிந்ததுதானே, பாதிப் படங்களில் மேகம்தான். தெங்காவில் காடு செம்மண்ணாகி, செம்மண் புளோக்காகி வந்ததைப் பார்க்க வேண்டுமானால் மேகமில்லாத நாள்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்கினால் கிடைக்கும்.

1984க்குப் போக கூகல் எர்த்தின் டைம்லாப்ஸ் இருக்கிறது. அதில் உள்ள லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒவ்வொரு புள்ளியும் தரையில் முப்பது மீட்டர், ஆகவே ஒரு முழு புளோக்கே மூன்று நான்கு புள்ளிதான். வீட்டைத் தேடுகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. கடற்கரையைப் பார்க்கிறவருக்கு எல்லாம் இருக்கிறது. ஜூரோங் தீவு தனித்தனித் தீவுகளாக இருந்து ஒன்றாகச் சேர்வதும், துவாஸ் கடலுக்குள் நீள்வதும் சில விநாடிகளில் நடந்து முடியும். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது என்று பள்ளியில் படித்த எண்ணுக்கு இங்கேதான் உருவம் கிடைக்கிறது.

ஆனால் மாமாவின் கடற்படைத் தளம் இதற்கெல்லாம் முந்தியது. அங்கே செயற்கைக்கோள் கைகொடுக்காது. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில், பிரிட்டிஷ் விமானப்படை 1940களிலிருந்து 1970கள் வரை எடுத்த வான்படங்கள் இருக்கின்றன. கறுப்பு வெள்ளை. எர்த் புரோவில் ஒரு படத்தைக் கொண்டுவந்து பூமியின் மேல் போர்த்தலாம். போர்த்தியதும் சுற்றிப் பச்சைக் கோடுகள் வரும். நடுவில் உள்ள சிலுவையைப் பிடித்தால் முழுப்படமும் நகரும், மூலைகளைப் பிடித்தால் விரியும், இடப்பக்கத்தில் இருக்கும் சாய்சதுரத்தைப் பிடித்தால் திரும்பும். மேலே ஒளிபுகு அளவை மாற்றும் பட்டை இருக்கும். அதை மெல்ல இழுத்தால் பழைய படத்துக்குக் கீழே இன்றைய செம்பவாங் எழுந்து வரும்.

எதை வைத்துப் பொருத்துவது? அன்றும் இன்றும் அசையாத ஒன்று வேண்டும். செம்பவாங்கில் அதற்குக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் கிங் ஜார்ஜ் ஆறாம் உலர்துறை இருக்கிறது. 1938இல் திறந்தது, இன்றும் அதே இடத்தில். நீளமான நேர் விளிம்பு, கூரான மூலைகள். முதலில் அந்த மூலைகளைப் பொருத்திக்கொண்டேன், அப்புறம் இன்றைக்கும் அதே தடத்தில் போகும் சாலைகளின் சந்திப்புகள். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டையை நான் இழுக்க இழுக்க, திரையில் விரலை வைத்து, "இரு இரு, நிறுத்துடா தம்பி. இதுதான் தண்ணித் தொட்டி. இதுக்குப் பின்னால ரெண்டாவது வரிசை, கடைசி வீடு" என்றார். அங்கே ஒரு கூரைக்கோடு, பக்கத்தில் மரத்தின் இருட்டு. குறி வைத்தேன். ஒளிபுகு அளவை மாற்றிப் பார்த்தால் இன்று அது சாலையோரப் புல்தரை.

வான்படத்தின் ஓரங்களில் வளைவு இருக்கும். எர்த் புரோ படத்தை இழுத்து நீட்டும், ஆனால் அந்த வளைவை எடுக்காது. நடுவே பொருந்தினால் ஓரம் விலகும், ஓரம் பொருந்தினால் நடு விலகும். சரியாகச் செய்ய வேண்டும் என்றால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் வேண்டும். அது இலவசம், திறந்த மூலம். பழைய படத்தில் ஒரு புள்ளி, இன்றைய வரைபடத்தில் அதே புள்ளி என்று சோடி சோடியாகக் கொடுத்துக்கொண்டே போனால் அது கணக்குப் போட்டு வளைத்துத் தரும். கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும். ஆனால் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார எர்த் புரோவே போதும், அவர்கள் முகத்துக்கு முன்னால் உடனே நகர்கிறதே. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகம் பழைய வரைபடங்கள் பலவற்றை ஏற்கெனவே பொருத்தி இணையத்தில் வைத்திருக்கிறது. முதலில் அங்கே பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலை மிச்சம்.

இனி ஒன்மேப். சிங்கப்பூர் நில ஆணையம் 2010 முதல் நடத்துவது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கூகல் ஓர் இடத்தைக் கடையாகப் பார்க்கும், ஒன்மேப் நிலமாகப் பார்க்கும். யாருடைய நிலம், எந்தப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது, டெங்கி எங்கே பரவுகிறது என்பதெல்லாம் அங்கேதான். தொடக்கநிலை ஒன்று பதிவு நடக்கும் மாதங்களில் பிள்ளை வைத்திருக்கும் வீட்டில் ஒன்மேப்பைத் திறக்காதவர் யார்? அந்தத் தூரத்துக்குக் கூகலின் அளவுகோல் செல்லாது, ஆணையத்தின் கணக்குதான் செல்லும். 2022 பதிவிலிருந்து அந்தத் தூரத்தைப் பள்ளி நிலத்தின் எல்லை வரை அளக்கிறார்கள், கட்டடம் வரை அல்ல. சில வீடுகளுக்கு அந்த மாற்றம் ஒரு பள்ளியையே கொண்டுவந்து கொடுத்தது. 2021இல் முப்பரிமாணப் பதிப்பும் வந்தது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அதன் தேடல் சேவை ஒரு வரம்: அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அட்சரேகை தீர்க்கரேகையும் வரும், நம் நாட்டின் சொந்த அளவை முறையில் மீட்டர் கணக்கும் வரும், காசு கிடையாது. 2018இல் கூகல் தன் வரைபடச் சேவைக்குக் கட்டண முறையை மாற்றியபோது இதன் அருமை பலருக்குத் தெரிந்தது.

ஆனால் ஜோகூர் நீரிணையைத் தாண்டினால் ஒன்மேப்பில் ஒன்றுமில்லை. எதிர்க்கரை வெறும் திட்டு. வாரக்கடைசியில் ஜோகூர் பாருவில் கண்ணாடிக் கோயிலுக்கும் சாமான் வாங்கவும் போய்வருகிற நமக்கு அது பெரிய குறை. அரசாங்க வரைபடத்துக்கு நாட்டு எல்லைதான் எல்லை, அது புரிகிறது. யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு அந்த எல்லை கிடையாது. தரவிறக்கம் செய்யப் போனால் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஒரு செயலியில் முன்கூட்டியே ஏற்றிக்கொண்டால் அக்கரையில் டேட்டா இல்லாமலே வழி பார்க்கலாம். புளோக்குக்கும் புளோக்குக்கும் நடுவே உள்ள கூரை போட்ட நடைபாதைகள், படிக்கட்டுகள் எல்லாம் ஆர்வலர்கள் நடந்து நடந்து குறித்தவை. தமிழ்ப் பெயருக்கென்றே தனிக் கட்டமும் இருக்கிறது. நம்மில் யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

பழசு என்று வரும்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் செய்வது வித்தியாசமாக இருக்கும். தரையில் இப்போது இருப்பதைத்தான் வரைய வேண்டும் என்பது அங்கே விதி. இடிந்த கட்டடத்தை நீக்கிவிட வேண்டும். ஆனால் நீக்கியதும் வரலாற்றில் இருக்கும். எந்தக் கோட்டை யார் எப்போது வரைந்தார், எப்போது மாற்றினார் என்று எல்லாமே பதிவு. காணாமல் போன இடங்களுக்கென்று ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற சகோதரத் திட்டமும் இருக்கிறது. அதில் ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி போடலாம். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குக் கடைசி ரயில் 2011 ஜூன் 30 என்று போட்டால், ஜூலை முதல் தேதிக்கு நகர்ந்ததும் தண்டவாளம் மறையும். கடற்படைத் தளத்தின் வரிசை வீடுகளை நான் கொண்டுபோய் வைக்க நினைக்கும் இடம் அதுதான். ஒரு எச்சரிக்கை: கூகலின் படத்தைப் பார்த்து வரைந்ததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் போட அனுமதி இல்லை. பிங் படத்தைப் பார்த்து வரையலாம், மைக்ரோசாஃப்ட் 2010இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. பலர் இதைக் கவனிப்பதில்லை, பிறகு உழைப்பெல்லாம் நீக்கப்படும்.

பிங் மேப்ஸ், ஆப்பிள் மேப்ஸ் இரண்டைப் பற்றியும் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டும் இன்றைக்கான வரைபடம், என் கேள்விக்கு இரண்டிலும் விடை கிடையாது. நாசாவின் வேர்ல்ட் விண்ட் கூகல் எர்த்துக்கும் முந்தி, 2004இல் வந்தது. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 2019இல் நாசாவே அதன் வேலையை நிறுத்தி வைத்தது. உருண்டையைத் தன் இணையப் பக்கத்தில் வைக்க விரும்பும் மென்பொருளாளர்கள் இப்போது சீசியம் என்ற நிரல் தொகுப்பின் பக்கம் போகிறார்கள்.

உருண்டை தேவையா, தட்டை வரைபடம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். சிங்கப்பூருக்குள் வித்தியாசமே இல்லை. மெர்காட்டர் வரைபடம் துருவத்தை நெருங்க நெருங்கத்தான் ஊதிப்போகும், நாம் இருக்கும் இடத்தில் அளவு கிட்டத்தட்ட அச்சொட்டாக இருக்கும். உருண்டை வேண்டியிருந்தது ரஜூலாவின் பாதையை வரையும்போதுதான். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வங்காள விரிகுடாவைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் நுழையும் கோட்டை, உருண்டையைச் சுழற்றியபடி மாமாவின் பேத்திக்குக் காட்டினேன். எவ்வளவு தண்ணீர் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது கேள்வி, என் குறிகளைத் திருப்பித் தருவது. இதில் நான் பிடிவாதக்காரன். கூகலின் டூர் பில்டரில் எத்தனையோ பேர் குடும்பக் கதைகளை வரைபடத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள், 2021இல் அதை மூடினார்கள். ஊர் ஊராக மக்கள் படங்களை ஏற்றிவைத்த பனோராமியோ 2016இல் போனது. மூடுவது அவர்கள் உரிமை, முன்கூட்டியே சொல்லவும் செய்தார்கள். எடுத்து வைக்காதவர்களுக்குத்தான் இழப்பு. அதனால் எந்த மென்பொருளில் வேலை செய்தாலும், கேஎம்எல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுவேன். அது கீஹோல் காலத்து வடிவம்தான், ஆனால் 2008 முதல் பொதுத் தரநிலை. கூகலுக்கு மட்டும் சொந்தமில்லை. திறந்து பார்த்தால் வெறும் எழுத்துக் கோப்பு. பெயர் தமிழில் இருந்தால் தமிழிலேயே இருக்கும், கியூஜிஐஎஸ்ஸும் படிக்கும், நாளைக்கு வரப்போகிற ஏதோ ஒன்றும் படிக்கும்.

கையால் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: அதில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. சிங்கப்பூருக்கு 103.8, 1.3. மாற்றிப் போட்டால் மென்பொருளே கண்டுபிடித்துவிடும், 103 என்று ஓர் அட்சரேகை உலகில் இல்லையே. சென்னைக்கு மாற்றிப் போட்டால் அது வாய் திறக்காது, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் குறி போய் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் கோப்பில் ஒவ்வொரு குறிக்கும் இடத்தின் பெயர், சொன்னவர் யார், எந்த வருடத்து நினைவு, எந்த வான்படத்தில் சரிபார்த்தது என்று நான்கு விவரம் போட்டு வைத்திருக்கிறேன். மாமாவும் அவருடைய கூட்டாளி ஒருவரும் ஒரே கடையை இரண்டு இடத்தில் காட்டினால் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்மேப்பிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இடிந்துபோன புளோக்கின் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால், இங்கே இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை இது இருந்தது என்று காட்ட வேண்டும். பக்கத்திலேயே அந்த வருடத்து வான்படமும் வர வேண்டும். நில ஆணையத்தில் கட்டட விவரம் இருக்கிறது, ஆவணக் காப்பகத்தில் படம் இருக்கிறது, இரண்டும் அரசாங்கத்திடமே இருக்கின்றன. முப்பரிமாணத்தில் நாட்டையே எழுப்பிக் காட்டியவர்களுக்கு இது முடியாத வேலை அல்ல. கடற்படைத் தளத்திலோ ரோச்சோரிலோ இருந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே இது வந்தால், வரைபடம் எங்கே தவறுகிறது என்று திருத்திச் சொல்லவும் ஆள் இருக்கும்.